ஒன்றரை மீட்டர் வயரும் சிங்கப்பூரும்

செல்போன் வந்த புதிதில் எங்கள் ஊரில் மணி அடித்தால் யாரும் உடனே எடுத்துவிட மாட்டார்கள். முதலில் திரையின் மூலையைப் பார்ப்பார்கள். வேப்பனப்பள்ளியில் நின்று ஒரு பக்கம் கல்லெறிந்தால் ஆந்திராவில் விழும், மறுபக்கம் எறிந்தால் கர்நாடகத்தில் விழும் என்பது கொஞ்சம் மிகைதான். செல்போன் சிக்னலுக்கு மட்டும் அது மிகையில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும்வரை தமிழ்நாட்டு டவரில் இருக்கும் போன், துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினால் கர்நாடகத்துக்குத் தாவிவிடும். குப்பம் பக்கத்து நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனால் ஆந்திராவுக்கு. தாவியது தெரியாமல் எடுத்துப் பேசிவிட்டால் ரோமிங்: கூப்பிட்டவனுக்கும் காசு, எடுத்தவனுக்கும் காசு. ராகிக் கொல்லையைத் தேடி மூன்று மாநிலமும் சுற்றி வரும் யானைக்கூட்டத்துக்கு மட்டும்தான் அந்தக் காலத்திலேயே ரோமிங் இலவசம்.

ஆகவே, காற்றில் எது எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்ப்பது எங்களுக்குப் பிறவிக் குணம். செல்போனுக்கு முன்னால் ஆன்டெனா இருந்தது. சென்னைத் தூர்தர்ஷன் எங்களை எட்டாது. பெங்களூரு எட்டும், அதுவும் பூஸ்டர் போட்டால், அதுவும் காற்று சும்மா இருந்தால். எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் பலர் கன்னடம் கற்றது ராஜ்குமார் படங்களில்தான். தெலுங்கு பக்கத்து வீட்டில் கிடைத்தது, உருது சந்தையில். தமிழுக்கு மட்டும் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது.

இந்த நிலைமையில்தான் எங்கள் வீட்டுக்கு வீடியோ கேம் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாகக் கம்பெனிகள் வந்து ஓசூரைப் பெரிய ஊராக்கி முடித்திருந்த தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் வேலை, பெங்களூரில் கடைத்தெரு, வேப்பனப்பள்ளியில் சாப்பாடு என்று வாழ்ந்த என் சித்தப்பா, ஒரு போனஸ் மாதத்தில் மெஜஸ்டிக் நேஷனல் மார்க்கெட்டில் பேரம் பேசி அந்தப் பெட்டியை வாங்கி, அத்திப்பள்ளி செக்போஸ்டில் பஸ் நின்றபோது யாராவது ஏறி என்ன ஏது என்று கேட்டுவிடுவார்களோ என்று அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கொண்டுவந்து சேர்த்தார். யாரும் ஏறவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஆனால் அந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் ஒவ்வொரு தடவையும் ஒரு போலீஸ்காரர் கூடுதலாகப் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்.

ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல் அது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்ட விஷயம். சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று நாட்டில் என்னென்னவோ பெயர்களில் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளை நாங்கள் ஒரே பெயரில்தான் அழைத்தோம்: டிவி கேம். அதைப் பொருத்துவது ஒரு சடங்கு. சாலிடேர் டிவியின் முதுகில் இருக்கும் ஆன்டெனா வயரைக் கழற்ற வேண்டும். அந்த இடத்தில் கேம் வயரைச் செருக வேண்டும். பிறகு டிவியின் குட்டிக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தை நகத்தால் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். முதலில் பனி. பிறகு கோடுகள். பிறகு கோடுகளுக்கு நடுவே சாய்ந்து நெளிந்து ஒரு காளான். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மரியோ நிமிர்ந்து நிற்பான். சத்தம் மட்டும் இரைச்சலாக இருக்கும். சத்தத்தைச் சரிசெய்தால் மரியோ மறுபடி சாய்வான். அந்தப் பெட்டிக்குள் படத்தையும் ஒலியையும் டிவி அலைவரிசையாக மாற்றித் தரும் ஒரு சின்னச் சுற்று இருந்தது; அதாவது எங்கள் வீட்டுக் கூடத்தில், எங்கள் வீட்டுக்கு மட்டும், வயருக்குள்ளேயே ஒளிபரப்பும் ஒரு குட்டித் தூர்தர்ஷன் நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. வைஃபை அமைப்பதில் இன்று நான் படும் பாடெல்லாம் அன்றே அந்தச் சக்கரத்தில் தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்; அப்போது கஸ்டமர் கேர் நம்பர் இல்லாததால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

டிவி கறுப்பு வெள்ளை. இதன் விளைவைக் காண்ட்ரா விளையாடியவர்களால்தான் புரிந்துகொள்ள முடியும். அதில் முதல் ஆட்டக்காரனுக்கு நீலக் கால்சட்டை, இரண்டாம் ஆட்டக்காரனுக்குச் சிவப்பு. எங்கள் வீட்டில் இருவருக்கும் சாம்பல். நானும் அக்காவும் அருகருகே ஓடிக்கொண்டிருப்போம். ஒருவன் குண்டடி பட்டுத் துள்ளி விழுவான். செத்தது யார் என்பதில் தகராறு ஆரம்பிக்கும். மூன்றாவது கட்டத்தில் அருவி மேல் ஏற வேண்டும். ஒருவர் வேகமாக ஏறினால் திரையும் கூடவே மேலே போகும், கீழே தங்கிவிட்டவர் திரைக்கு வெளியே விழுந்து சாவார். அக்கா எப்போதும் வேகமாக ஏறுவாள். "நீ மெதுவா வந்தா நான் என்னடா பண்ணுவேன்" என்பாள். இந்த வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் வேறு பல சந்தர்ப்பங்களிலும் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

மூன்று உயிரை முப்பதாக்கும் வித்தை ஒன்று உண்டு. மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ. கிராடியஸ் என்ற விளையாட்டை 1986-ல் ஃபேமிகாமுக்காக மாற்றி எழுதிக்கொண்டிருந்த கொனாமி கம்பெனிக்காரர் கசுஹிசா ஹாஷிமோட்டோ, தன்னாலேயே அதைச் சோதித்து முடிக்க முடியவில்லை, அவ்வளவு கடினமாக இருக்கிறது என்று, தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. எடுக்க மறந்து விற்பனைக்கும் போய்விட்டது; பிறகு காண்ட்ரா உட்பட கொனாமியின் மற்ற விளையாட்டுகளிலும் குடியேறியது. 2020-ல் அவர் இறந்தபோது உலகமெங்கும் செய்தி போட்டார்கள். எனக்கு இன்றும் விளங்காதது, ஜப்பானில் ஒருவர் சோம்பலில் செய்த காரியம், இன்டர்நெட் என்ற ஒன்று இல்லாத உலகத்தில், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாடவிட்ட ஒரு கடைக்கு வந்து, அங்கிருந்து ஒரு பையனின் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் ஏறி, டவுன் பஸ்ஸில் வேப்பனப்பள்ளிக்கு வந்து சேர்ந்த வழி. ஒரு எழுத்துகூடப் பிழையாகவில்லை. எங்கள் ஊருக்கு அந்தக் காலத்தில் அத்தனை சரியாக வந்து சேர்ந்த அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்றுகூடக் கிடையாது.

ரிமோட் என்று நாங்கள் அழைத்த அந்தக் கன்ட்ரோலரின் வயர் ஒன்றரை மீட்டர் இருக்கும். எங்கள் உலகத்தின் அளவும் அதுதான். டிவிக்கும் நமக்கும் உள்ள தூரம், பக்கத்தில் யார் தோள் இடிக்க உட்காரலாம், யார் பின்னால் நின்று முறைக்குக் காத்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் அந்த வயர் தீர்மானித்தது. காபி டம்ளரோடு குறுக்கே போகும் அம்மா தடுக்கினால் பெட்டி கீழே விழும், விழுந்தால் ஆட்டம் முதலிலிருந்து. கரண்ட் போனாலும் முதலிலிருந்து. சேமித்து வைப்பது என்பது அந்தப் பெட்டியில் ஓடிய பெரும்பாலான ஆட்டங்களுக்குத் தெரியாது. எட்டாவது கட்டம்வரை வந்து கரண்ட் போன ஒரு சாயங்காலத்தில், தெருவே "ஓ" என்று கத்தியபோது நாங்கள் கத்தியது வேறு காரணத்துக்காக.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியில் பொத்தானை அழுத்தினால் மரியோ குதித்தான். அழுத்தியதற்கும் குதித்ததற்கும் நடுவே யாரும் இல்லை. நொடிக்கு ஐம்பது அறுபது தடவை அந்தப் பெட்டி நம் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பார்த்ததை அந்தக் குண்டு டிவி அடுத்த கணமே திரையில் எழுதிவிட்டது. கேட்ரிட்ஜைச் செருகி சுவிட்சைத் தட்டினால் ஆட்டம் தயார். (செருகுவதற்கு முன் வாயால் ஊதுவோம். ஊதியதால் ஒரு பயனும் இல்லை, எச்சில் ஈரம் பட்டு தகடு கறுத்ததுதான் மிச்சம், கழற்றி மறுபடி செருகியதில்தான் அது வேலை செய்தது என்கிறார்கள். இருக்கலாம். நாங்கள் ஊதிவிட்டுத்தான் செருகினோம்.) கேட்ரிட்ஜின் மேல் 99,99,999 விளையாட்டுகள் என்று அச்சடித்திருக்கும், உள்ளே இருப்பது பத்துப் பன்னிரண்டு, அதையே வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கி வேறு வேறு பெயர் வைத்திருப்பான். அந்தப் பொய்கூடச் சுவையாக இருந்தது. ஒரு கோடிக்கு ஒன்று குறைவு என்று நிறுத்திக்கொண்டவனின் நாணயத்தை நாங்கள் வியந்தோம்.

பின்னால் நானும் ஓசூருக்கே வேலைக்குப் போனேன். சம்பளம், தவணையில் பைக், பாகலூர் ரோடு பக்கம் நண்பர்களோடு ஒரு போர்ஷன். நேஷனல் மார்க்கெட்டிலேயே கை மாறி வந்த ஒரு பிளேஸ்டேஷன் 3. அந்த வயதில் வயர் என்றாலே எனக்கு ஓர் இளக்காரம் இருந்தது. பிளேஸ்டேஷன் 3-ன் கன்ட்ரோலருக்கு வயர் வேண்டாம், இன்டர்நெட்டுக்கும் வயர் வேண்டாம் என்று தெரிந்தபோது, பல தலைமுறைகளாகக் கட்டியிருந்த ஏதோ ஒன்றை அறுத்துக்கொண்டு வெளியே வந்த மகிழ்ச்சி. மோடம் டெலிபோன் பக்கத்தில் முன்னறையில், ஆட்டம் பின்னறையில், நடுவே காற்று மட்டும். காற்றில் என்ன வந்தது என்பது வேறு விஷயம். பிஎஸ்என்எல்லின் ஹோம் 500 திட்டத்தில் பகலில் இத்தனை ஜிபிதான் என்று ஒரு கணக்கு இருந்தது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கே இருக்கவில்லை. ஆகவே செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டு, 2 மணி அடிக்கக் காத்திருப்போம். அந்தத் திட்டம் வைத்திருந்த வீடுகளில் எல்லாம் அதே நேரத்தில் யாரோ ஒரு பையன் காத்திருந்திருப்பான். 2012 வாக்கில் அந்த நேரத்துக்குக் கரண்டும் போக ஆரம்பித்தது. கணக்கில்லாத ஆறு மணி நேரத்தில் கரண்ட் இல்லாத நேரத்தைக் கழித்து, மீதியில் ஒரு அப்டேட் இறங்கி முடிப்பதற்குள் முதல் ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவில் போகும். விளையாடினேனா என்று கேட்டால், விளையாட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலப் பட்டை மெல்ல மெல்ல நகர்ந்து வலதுபக்கம் சேர்வதை அத்தனை பக்தியோடு பார்த்த ஓர் இளைஞனை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்து இன்னொரு மெஷின் முன்னால் அப்படி விழித்திருக்க இன்று யாரால் முடியும்?

2020-ல் எல்லோரும் வீடு திரும்பியபோது நாங்களும் வேப்பனப்பள்ளிக்குத் திரும்பினோம். திரும்பியவர்களில் சிலர் திரும்பிப் போகவே இல்லை, அவர்களில் நானும் ஒருவன். அதற்குள் ஊர் மாறியிருந்தது. குருபரப்பள்ளி வழியாகக் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. வேலைக்குப் பெங்களூரு போனவர்களின் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பெங்களூருக்கு வேலை செய்கிறார்கள். மாஞ்சோலைகளுக்கு மேலே கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் தொங்குகிறது. கேபிள் டிவி இணைப்புக் கொடுத்தவரின் மகன், மஞ்சள் வயரை மயிர்போல மெல்லிசான கண்ணாடி இழைவரை உரித்து, ஒரு சின்னப் பெட்டியில் வைத்து ஒட்டவைத்து, "நூறு எம்பி வருதுணா" என்றான். வந்தது. வைக்கோல் லாரி ஏதாவது உயரமாக ஏற்றிக்கொண்டு தெருவில் போகாதவரை வந்துகொண்டுதான் இருக்கிறது.

அக்கா மகன் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவன். விடுமுறைக்கு வரும்போது தன் பழைய பிளேஸ்டேஷன் 4-ஐ என் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதைப் பின்னறையில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் அதே கேள்வி: இன்டர்நெட் பெட்டி முன்னறையில், ஆட்டம் பின்னறையில். நடுவே இந்தத் தடவை காற்று மட்டும் இல்லை, என் தாத்தா கட்டிய சுவர் இருந்தது. கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே கல்லுக்குப் பஞ்சமில்லை. தோண்டினால் கருங்கல். வெளிநாட்டுக்கு மெருகேறிப் போகும் அதே கல்லை முரட்டுத்தனமாக உடைத்து மண் குழைத்து அடுக்கிய இரண்டடிச் சுவர் அது. கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு, வைஃபைக்கு மட்டும் வாசல் கிடையாது.

கடையில் ஆறு ஆன்டெனா வைத்த ரௌட்டரைக் காட்டினார்கள். அதில் இரண்டு அலைவரிசை: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் நின்றுவிடும். 2.4 மெதுவானது, சுவரைத் தாண்டித் தள்ளாடியாவது வந்து சேரும். வந்து சேர்ந்தால் அங்கே ஏற்கெனவே கூட்டம்: பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் இயர்போன் எல்லாம் அதே சந்தில்தான் நடமாடுகின்றன. பதிமூன்று சேனல் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 என்று மூன்றே மூன்று. இதில் வேடிக்கை, 2013-ல் வந்த முதல் மாடல் பிளேஸ்டேஷன் 4-க்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாது. 2016-ல் வந்த மெல்லிய மாடலுக்குத்தான் அந்தப் பார்வை வந்தது. மருமகன் கொடுத்தது முதல் மாடல். அதோடு போயிற்றா என்றால், வயர் இல்லாத அந்தக் கன்ட்ரோலர் பேசுவதும் புளூடூத்தில், அதாவது அதே 2.4-ல். பெட்டிக்கும் கைக்கும் நடுவே ஓர் அலை, பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவே ஓர் அலை, இரண்டும் ஒன்றையொன்று முழங்கையால் இடித்துக்கொள்கின்றன.

என் தாத்தா ஒரே ஒரு மர்ஃபி ரேடியோவுக்காகத் தபால் ஆபீசில் லைசென்ஸ் புத்தகம் வைத்து வருடா வருடம் கட்டணம் கட்டியவர். 1933-ஆம் வருடத்து இந்திய வயர்லெஸ் டெலிகிராபி சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. எண்பதுகளில் ரேடியோ லைசென்ஸ் ஒழிந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸைத் திறந்தவெளியிலும் லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005-ல் அரசாங்கம் விட்டுவிட்டது. கேட்க மட்டும் தெரிந்த ஒரு பெட்டிக்குக் கட்டணம் கட்டியவரின் வீட்டில், கேட்கவும் பேசவும் தெரிந்த பெட்டிகள் இன்று எண்ணிப் பார்த்தால் அறைக்கு நான்கு தேறும். ஒன்றுக்கும் புத்தகம் கிடையாது. அவர் கட்டிய சுவர் மட்டும் இன்னும் லைசென்ஸ் கேட்கிறது.

சுவரை விட்டாலும் அடுத்த தொல்லை காத்திருந்தது. மகள் தோழிகளோடு ஆன்லைனில் விளையாடப் போனால் திரையில் "நாட் டைப் 3" என்று வந்து நிற்கும். இதன் பொருளைப் பலபேரிடம் கேட்டு, கடைசியில் எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் விசிட்டிங் கார்டில் பி.பி. நம்பர் என்று போட்டுக்கொள்வோம் அல்லவா? போன் மளிகைக்கடைக்காரருடையது, நம்பரைத் தெருவே கொடுத்திருக்கும். இங்கிருந்து நாம் போய் வெளியே பேசிவிடலாம்; வெளியிலிருந்து வரும் அழைப்புதான் கடைக்காரரின் மனநிலையையும் வியாபாரத்தையும் பொறுத்தது. இன்டர்நெட்டின் பழைய முகவரி எண்கள் உலகத்தில் தீர்ந்துபோனதால், இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகள் பல வீடுகளை ஒரே எண்ணுக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கின்றன. நம் வீட்டிலிருந்து வெளியே போவது எதுவும் நிற்காது; படம், பாட்டு, பணம் எல்லாம் ஓடும். வெளியிலிருந்து ஒரு விளையாட்டுத் தோழி நம் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் முடியாது. தனி எண் வேண்டுமென்றால் மாதம் இவ்வளவு என்று தனியாகக் கட்ட வேண்டும். கட்டுகிறேன். என் அப்பா வீட்டுக்கே ஒரு போன் வாங்கிய அன்று அடைந்த பெருமிதத்தில் ஒரு துளிகூட எனக்கு வரவில்லை. அந்த எண்ணை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது, சொன்னால் ஆபத்து என்கிறார்கள்.

இதெல்லாம் முடிந்து ஒருநாள் மகள் ஆட்டத்துக்குள் நுழைந்தாள். தோழிகளில் ஒருத்தி குப்பத்தில், ஒருத்தி பங்காருப்பேட்டையில், இன்னொருத்தி ஓசூரில். ஹெட்செட்டில் மூன்று மொழி ஓடுகிறது. திட்டுவது தெலுங்கில், கெஞ்சுவது கன்னடத்தில், கணக்கு வழக்கு தமிழில். எல்லோரும் பஸ்ஸில் ஏறினால் மதியத்துக்குள் ஒரே வீட்டில் சந்தித்துவிடக்கூடிய தூரம். ஆனால் ஆட்டம் நடக்கிற இடம் சிங்கப்பூர். இவள் பொத்தானை அழுத்தினால் அது வீட்டிலிருந்து சென்னைக்குப் போய், கடலுக்கடியில் கேபிளில் இறங்கி, சிங்கப்பூரில் கரையேறி, அங்கே ஒரு கம்ப்யூட்டர் "சரி, குதி" என்று சொன்ன பிறகு அதே வழியில் திரும்பி வருகிறது. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே போட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போக வர 6,400 கிலோமீட்டருக்கு, எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும், எவ்வளவு மாதச் சந்தா கட்டினாலும், 32 மில்லி செகண்டைக் குறைக்க முடியாது. அது இயற்கை போட்ட கட்டணம். அதன் மேல்தான் ரௌட்டரும், கருங்கல்லும், பக்கத்து வீட்டு வைஃபையும், புளூடூத்தும் ஆளுக்குக் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்கின்றன. கடைசியில் எல்.இ.டி. டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றிக் காட்டுகிறேன் என்று இன்னும் கொஞ்சம் தாமதிக்கிறது. அதைத் தடுக்க கேம் மோட் என்று ஒன்றைப் போட வேண்டும். போட்டால் மெருகேற்றும் வேலையெல்லாம் நின்றுவிடும். மெருகேற்றுவதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய டிவி அது.

(டிவியைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று. பழைய பெட்டியோடு ஒரு துப்பாக்கி வந்தது, வாத்து சுடுவதற்கு. விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெளுக்கும். துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து செத்தது. குண்டு டிவி கதிரை ஓட்டிப் படம் வரையும் கணக்கை நம்பிச் செய்த துப்பாக்கி அது. புதிய டிவிகளில் அந்தக் கணக்கு இல்லை. எல்.இ.டி. வந்த நாளிலிருந்து அந்த வாத்துகளுக்குச் சாவு கிடையாது.)

"தாமதமா வருதுப்பா, நான் சுட்டது அவளுக்கு விழறதுக்குள்ள அவ என்னைச் சுட்டுடறா" என்றாள் மகள். மருமகனுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர் படித்தவன், ஏதாவது புதிய கருவி பெயர் சொல்வான், மெஷ் அது இது என்று, இன்னொரு செலவு என்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அவன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்: "மாமா, பேசாம வயர் போட்டுடுங்க."

வயர். எந்த வயரை அறுத்துக்கொண்டு வெளியே வந்தேனோ அது. கடைசி இருபது மீட்டருக்கு என்றாலும் வயர்தான் கதி என்பதை ஓர் எலெக்ட்ரானிக் சிட்டிக்காரன் வாயால் கேட்டபோது ஏனோ எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஊரில் போர் போடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. சுவரில் ஓட்டை போட ஆள் தேடத்தான் அலைந்தேன். கடைசியில் கல் வேலை செய்யும் ஒரு பெரியவர் வந்தார். கருங்கல்லில் விரல் கனத்துக்கு ஓட்டை, இரண்டடி ஆழத்துக்கு. துரப்பணம் சூடாகும், தண்ணீர் ஊற்றுவார், நிறுத்துவார், பீடி பற்றவைப்பார், மறுபடி ஆரம்பிப்பார். வெள்ளைப் பொடி கரைந்து சுவரோரம் பால் வழிந்து நின்றது. "எதுக்கு சாமி இந்த ஓட்டை?" என்று கேட்டார். பிள்ளை விளையாட என்றேன். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அந்தக் காலத்துல கிழவர் ஒரு ஆணி அடிக்கவே விடமாட்டாரு" என்றார்.

வயரை நுழைத்து, பிளக்கை அமுக்கி, "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டதும் மகள் உள்ளிருந்து கத்தினாள், வந்துடுச்சு என்று. தாமதம் பாதிக்குமேல் போய்விட்டது. சிங்கப்பூர் மட்டும் மிச்சம்.

சாயங்காலம் அம்மா களி கிண்டிவிட்டு, ஆறுது வா என்று பேத்தியைக் கூப்பிட்டார். "ஆன்லைன் பாட்டி, பாஸ் பண்ண முடியாது" என்றாள். இதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எட்டே பிட் வைத்திருந்த எங்கள் பெட்டியில்கூட ஸ்டார்ட் பொத்தானை ஒருதரம் அழுத்தினால் உலகம் நிற்கும். காண்ட்ராவின் குண்டுகள் அந்தரத்தில் அப்படியே நிற்க, நாங்கள் போய் களியும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, சாவகாசமாக வந்து போரைத் தொடர்வோம். இவளுடைய பெட்டி எத்தனையோ லட்சம் மடங்கு வலிமையானது. பாட்டி கூப்பிட்டால் நிற்க அதற்கு வழியில்லை. குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் ஓசூரிலும் மூன்று பாட்டிகள் அதே நேரத்தில் அதே பதிலைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

வீட்டில் விளையாட்டுப் பெட்டிக்காக ரௌட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆன்டெனாவை எண்ணாதீர்கள், சுவரைத் தட்டிப் பாருங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் பெட்டிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்தாலும் கேட் 6 வயர் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள், நூறு மீட்டர்வரை தாராளமாகப் போகும், வீட்டுக்குத் தேவையானதைவிட நாலு மீட்டர் கூடுதலாகவே வெட்டச் சொல்லுங்கள். வெளிச்சுவரில் ஓட்டை போடுவதாக இருந்தால் வெளிப்பக்கம் சற்றே சரிவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும்.